காலையில் உட்கார்ந்திருந்த ஜெர்மன் கார்

கவிதாவுக்கும் பிரபுவுக்கும், கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் எழுதுவது.

போன வாரம் காலையில் நடக்கப் போனபோது கால் தானாக, பழைய கார் விற்கும் நம் கடைப் பக்கம் திரும்பிவிட்டது. இருபத்தெட்டு வருஷம் போன பாதை, காலுக்கு ஓய்வு கொடுத்த விஷயம் இன்னும் தெரியாது போலிருக்கிறது. முன் வரிசையில் வெள்ளை நிறத்தில் ஒரு ஜெர்மன் கார் நின்றது. கண்ணாடியில் விலைச் சீட்டு. மேலே வண்டியின் புது விலையை எழுதி, அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, கீழே நம் விலையைப் பெரிதாக எழுதியிருந்தீர்கள். சீட்டு அழகாகத்தான் இருந்தது. ஆனால் முன்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே இருக்க வேண்டிய இடைவெளியைக் காணவில்லை. வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலை மடக்கி உட்கார்ந்த மாடு மாதிரி கிடந்தது. மதியம் சாப்பாடு கொடுக்க வந்தபோது மறுபடியும் பார்த்தேன். நன்றாக நிமிர்ந்து நின்றது.

நேரில் சொல்ல வாயெடுத்தால் "அப்பா ஆரம்பிச்சிட்டாரு" என்று ஒருத்தர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வீர்கள், இன்னொருத்தர் கஸ்டமர் வந்த மாதிரி வெளியே ஓடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுவது இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. சரிபார்ப்பது, இன்சூரன்ஸ் மாற்றுவது, இஞ்சின் சத்தம் கேட்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் முட்டாளான கதையை மட்டும் சொல்கிறேன். அந்த விஷயத்தில் இந்தக் கடையில் என்னைவிட அனுபவம் உள்ளவர் இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். பெரம்பலூரில் அரியலூர் ரோட்டு ஓரமாக இதே இடத்தில்தான் கடை. எப்போதும் ஏழெட்டு வண்டி நிற்கும், எல்லாம் சின்ன வண்டி. குரும்பலூர் விவசாயி, பள்ளிக்கூட வாத்தியார், மருந்துக்கடைக்காரர் என்று வருவார்கள், பேசுவார்கள், எடுத்துப் போவார்கள். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி வைத்திருந்தவர்கள் கையில் காசு புழங்க ஆரம்பித்த நேரம் அது. அப்படி ஒரு லாரி முதலாளி ஒருநாள் கடைக்குள் நின்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"என்னண்ணே, எப்ப வந்தாலும் தீப்பெட்டி தீப்பெட்டியா நிறுத்தி வெச்சிருக்கீங்க. பெருசா ஒண்ணு நிறுத்துங்க. நாங்க வந்து போறதுக்கும் ஒரு மரியாத வேணாமா?"

அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்தான் அன்று ராத்திரி தூங்கவில்லை. ஒரு வாரத்தில் சின்ன வண்டி எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பணத்தைத் திரட்டிக்கொண்டு பெங்களூர் கிளம்பினேன். புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை வேறு எடுத்துக்கொண்டேன்.

எந்த வண்டி வாங்கப் போனாலும் மெக்கானிக் சலீம் பாய் என்னோடு வருவார். உங்களுக்கு அவரைத் தெரியும். அந்த ஒரு தடவை மட்டும் அவரைக் கூட்டிப் போகவில்லை. அவர் சட்டையில் எப்போதும் கிரீஸ் இருக்கும். பெரிய அபார்ட்மெண்ட்டுக்கு அவரோடு போய் நின்றால் நம்மைச் சாதாரண ஆள் என்று நினைத்து விலையை ஏற்றிவிடுவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வெட்கம். என் வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் அவர் சட்டை வேண்டாமென்று நினைத்தேன். அந்த வெள்ளைச் சட்டை எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைத்தான் இனிமேல் படிக்கப் போகிறீர்கள்.

நான் போனபோது வண்டி கீழே ஸ்டார்ட்டில் நின்றது. கறுப்பு நிறம், முகம் பார்க்கலாம். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் வருகிறவனுக்காக முன்கூட்டியே ஏசி போட்டு வைத்திருக்கிறார்களே, எவ்வளவு பெரிய மனசு என்று நெகிழ்ந்துபோனேன். எட்டு வருஷம் ஓடிய வண்டி. புதிதாக அறுபது லட்சத்துக்கு வாங்கியதாம். எனக்குப் பதினோரு லட்சம் என்றார்கள். நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். நாற்பத்தொன்பது லட்சம் மிச்சம். அந்த நாற்பத்தொன்பது லட்சமும் வண்டிக்குள்ளேயே எங்கேயோ இருப்பதாக நினைத்தேன், சீட்டுக்கு அடியில் கை விட்டால் கிடைக்கும் என்பது போல. பேரம்கூடச் சரியாகப் பேசவில்லை. இவ்வளவு மலிவாகக் கொடுப்பவரிடம் பேரம் பேசுவது மரியாதை இல்லை என்று தோன்றியது.

மறுநாள் காலை கடையைத் திறந்தால் வண்டி இடது பக்கமாக உட்கார்ந்திருந்தது. சலீம் பாயைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு சக்கரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்தார். பிறகு எழுந்து, என் வெள்ளைச் சட்டையை ஒரு தடவை பார்த்தார்.

"அண்ணே, நீங்க போனப்ப வண்டி ஸ்டார்ட்ல இருந்துச்சா?"

"ஆமா பாய். ஏசி போட்டு வெச்சிருந்தாங்க. வெயில்ல வர்றமேன்னு."

"உங்களுக்காகப் போடலண்ணே. வண்டி எந்திரிச்சு நிக்கிறதுக்காகப் போட்டிருக்காங்க."

இந்த மாதிரி வண்டியில் கம்பிச் சுருளுக்குப் பதிலாக நாலு சக்கரத்திலும் ரப்பர் பை இருக்கும், ஒரு பம்பு அதில் காற்று நிரப்பி வண்டியைத் தூக்கிப் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பை கசிகிறது. ராத்திரி முழுக்கக் காற்று இறங்கி, காலையில் வண்டி உட்கார்ந்துவிடும். ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் விட்டால் எழுந்துவிடும்.

"ஒரு பைதானே பாய், மாத்திரலாம்."

"ஒண்ணு மாத்துனா மீதி மூணும் கோவிச்சுக்கும். நாலும் மாத்தணும். பம்பும் தேஞ்சிருக்கும். எல்லாம் சேத்து, நீங்க தள்ளிவிட்டீங்கள்ல தீப்பெட்டி, அதுல ரெண்டு வாங்கிரலாம்."

இந்தத் தொழிலில் நான் கற்றதிலேயே பெரிய விஷயம் அது, அதனால் நிறுத்திச் சொல்கிறேன். பெரிய காரின் விலை இறங்கும். அதன் சாமான் விலை இறங்காது. வண்டி பதினோரு லட்சத்துக்கு வந்துவிட்டது என்று அந்த ரப்பர் பைக்கு யாரும் சொல்லவில்லை. அது இன்னும் தன்னை அறுபது லட்சம் வண்டியின் பை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. முதல் ஆள் அந்த நாற்பத்தொன்பது லட்சத்தை ஓட்டித் தீர்த்துவிட்டார். நமக்கு வந்து சேர்ந்தது அதன் செலவு மட்டும்தான். நீங்கள் விலைச் சீட்டில் புது விலையை எழுதி அடிக்கிறீர்களே, அது அடுத்தவன் தின்று முடித்த சாப்பாட்டின் பில்.

ரிப்பேர் செய்யக் கையில் காசில்லை. அதனால் தினமும் யாரும் வருவதற்கு முன்னால் கடைக்குப் போய், வண்டியை ஸ்டார்ட் செய்து எழுப்பிவிட்டு, ஏசியையும் போட்டு வைத்துக் காத்திருப்பேன். பெங்களூர்க்காரரின் பெரிய மனசு எனக்கும் வந்துவிட்டது.

வாங்கச் சொன்ன லாரி முதலாளி வந்து பார்த்தார். "நல்லாருக்குண்ணே" என்றார். புதுசாகவே ஒன்று புக் பண்ணிவிட்டாராம். அதோடு அவர் முடிந்தார்.

அடுத்த முட்டாள்தனம் நம் ஊருக்கே உரியது. கறுப்பு ஜெர்மன் கார் சும்மா நிற்கிறது என்று தெரிந்ததும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். உங்கள் அம்மாவின் சித்தப்பா பேரனுக்கு முதலில் போனது. அவனுக்குக் கொடுத்துவிட்டு இவனுக்கு எப்படி இல்லையென்பது? பழைய கஸ்டமர், ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர், இடத்துக்காரரின் மைத்துனர் என்று போய்க்கொண்டே இருந்தது. "சும்மா நிக்கிற வண்டிதானேங்க" என்பார்கள். காசு கேட்டால் பகை. நானே டிரைவராக முன்னால் உட்கார்ந்து, பின்னால் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு, நாதஸ்வரத்துக்குப் பின்னாலேயே ஆமை வேகத்தில் உருட்டுவேன். ஏழு மாதத்தில் பதினோரு மாப்பிள்ளைகள். பானெட்டில் பூ ஒட்டிய டேப்பைச் சுரண்டுவதே எனக்கு வேலை. ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை நான் விளம்பரம் என்று நினைத்து மகிழ்ந்தேன். ஊரே பார்க்கிறதே, யாராவது ஒருத்தர் கேட்க மாட்டாரா?

கேட்டார். செட்டிகுளத்திலிருந்து ஒரு வெங்காய வியாபாரி வந்தார். சின்ன வெங்காயம் நல்ல விலை போன வருஷம். வண்டியைச் சுற்றி வந்தார், உள்ளே உட்கார்ந்தார், திருப்தியாகத் தலையாட்டினார். இறங்கும்போது நின்றுவிட்டார்.

"இது எங்க பங்காளி பையன் கல்யாணத்துல வந்த வண்டில்ல?"

"ஆமாங்க" என்றேன் பெருமையாக.

"அவன் ஏறி வந்த வண்டிய நான் காசு குடுத்து வாங்குனா, ஊர்ல என்னா பேசுவான்? நாங்க எறங்குன வண்டியிலதான் அவரு ஏறுனாருன்னு பேச மாட்டான்?"

போய்விட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு கல்யாணத்தில் அந்த வண்டியைப் பார்த்தவர்கள். சின்ன வண்டி என்றால் ஊரில் ஆயிரம் இருக்கும், யார் ஓட்டியது என்று யாருக்கும் தெரியாது. பெரிய வண்டி ஒன்றுதான் இருக்கும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு கண்ணும் விலையில் கொஞ்சம் குறைக்கும். நான் பதினோரு கல்யாண மண்டபத்தின் முன்னால் நிறுத்திக் குறைத்தேன்.

ஆனி மாதம் முடியப் போனது. ஆடியில் நம் பக்கம் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். இடத்துக்காரர் வந்து, "ஒத்த வண்டிய நிறுத்துறதுக்கு இவ்வளவு பெரிய எடம் எதுக்குங்க? டைல்ஸ் கடைக்காரர் கேக்குறாரு. ஆடி பொறக்குறதுக்குள்ள நாலு வண்டி நிக்கலேன்னா அவருக்குக் குடுத்துருவேன்" என்றார். அவர் மைத்துனர் கல்யாணத்துக்கும் அந்த ஒத்த வண்டிதான் போயிற்று என்பதை அவர் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அந்த வண்டியை விற்றால்தான் வேறு வண்டி வாங்க முடியும். விற்காவிட்டால் கடை இல்லை. நிலைமை இவ்வளவுதான்.

பேப்பரில் சின்ன விளம்பரம் கொடுத்தேன். ஒரு அம்மா போன் செய்தார். வரதராசன்பேட்டை. நம் ஊரிலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். அந்தப் பக்கம் இந்த வண்டி ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

நான் ஏழரைக்குக் கடைக்குப் போனபோது, வெள்ளைப் புடவையும் தோளில் பையுமாக அவர் வண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், ஆரோக்கியமேரி என்று பெயர் சொன்னார்.

"மொத பஸ்ஸே கெடச்சிருச்சு தம்பி. ஆமா, இது என்ன, வண்டி இப்படிக் கெடக்கு?"

என் வாய் பல நேரம் என்னைக் கேட்காமலே பேசிவிடும்.

"அது அப்படித்தாங்க டீச்சர். ஜெர்மன்காரன் யோசிச்சு வெச்சிருக்கான். நிறுத்துனா தானா தணிஞ்சு உக்காந்துரும். வயசானவங்க ஏறி எறங்க வசதியா."

"ஒரு பக்கம் மட்டும்தானே உக்காந்திருக்கு?"

"ஏறுற பக்கம் மட்டும்தாங்க உக்காரும்."

சொன்னபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவர் வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு அந்தக் கதவில் கை வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு கவர்மென்ட் பஸ் டிரைவரு தம்பி. முப்பது வருஷம் ஓட்டுனாரு. இப்ப ரெண்டு முட்டியும் போச்சு. பஸ்ல ஏற முடியல, ஆட்டோவுல குனிய முடியல. ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலத் தாண்டல. ஊரையே உக்கார வெச்சு ஓட்டுன மனுசன். ஒரு நாளு அவரு பின்னாடி உக்காந்து, ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகணும். அதுக்குத்தான் என் ரிடையர்மென்ட் பணத்துல கை வைக்கிறேன். புதுசா சின்ன வண்டி எடுக்கலாம்னுதான் இருந்தேன். இந்த மாதிரி உக்கார்ற வண்டி இருக்குன்னு யாரும் சொல்லவே இல்லையே."

நான் சொன்ன பொய்தான் அவரை வாங்க வைத்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அட்வான்ஸ் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் பார்க்கட்டும், வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டு வாருங்கள், மீதியை வீட்டில் தருகிறேன் என்றார்.

டிபனோடு அன்று என்கூடவே வந்திருந்த உங்கள் அம்மா ஆபீஸ் ரூமில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டீச்சர் பஸ்ஸுக்குப் போனதும் வெளியே வந்தாள்.

"ஏங்க, வயசானவங்களப் பாத்தா உக்கார்ற மரியாத அந்த வண்டிக்கே தெரியுதே. உங்களுக்குத் தெரியலையே."

அப்புறம் இட்லியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வரை என்னிடம் வேறெதுவும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டியை எழுப்பி ஓட்டிக்கொண்டு போனேன். டீச்சர் வீட்டு வாசலில் ஒரு மரநாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, சவரம் செய்த முகம், மடியில் துண்டு. கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். அவருக்கு அதுவே ஒரு வேலையாக இருந்தது.

"வண்டிய அணைச்சிட்டேங்க டீச்சர்."

"சரி தம்பி. உக்காரட்டும்."

காத்திருந்தோம். வண்டி உட்காருவதாக இல்லை. ராத்திரி முழுக்க இறங்குகிற காற்று, எழுபது எண்பது கிலோமீட்டர் ஓடி வந்து நிமிர்ந்து நிற்கும்போது அவசரப்படுமா? அவர் கைத்தடியோடு நிற்கிறார், டீச்சர் வண்டியைப் பார்க்கிறார், நான் வானத்தைப் பார்க்கிறேன்.

"கொஞ்ச நேரம் எடுக்குங்க" என்றேன்.

டீச்சர் உள்ளே போய், கரும்பலகையில் கோடு போடும் நீளமான மர ஸ்கேலைக் கொண்டு வந்தார். சக்கரத்துக்கு மேலே வைத்து அளந்து, மணியையும் பார்த்து, உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார். "நீங்க உக்காருங்க, காப்பி போடுறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கேலோடு உள்ளே போனார்.

அவர் போனதும் வீட்டுக்காரர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, வந்து நிறுத்துனப்ப அடியில ஒரு மோட்டாரு முனகுச்சே, கேட்டீங்களா?"

நான் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பது போல் நின்றேன்.

"முப்பது வருஷம் ஏர் பிரேக்கோட குடும்பம் நடத்துனவன் நான். காத்து போற சத்தம் தெரியாதா? பை ஓட்டையா?"

"ஆமாங்கய்யா."

"எத்தன?"

"இப்போதைக்கு ஒண்ணு."

"இப்போதைக்கு" என்று அவரும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

"டீச்சர்கிட்ட நீங்களே சொல்லிருங்கய்யா" என்றேன். அந்த வயதில், நாற்பத்தைந்து வயதில், அப்படிக் கேட்டேன்.

"நான் சொன்னா அவ ஏமாந்ததா ஆயிடும். நீங்க சொன்னா நீங்க திருந்துனதா ஆயிடும். எது நல்லாருக்கும்னு பாத்துக்குங்க. காப்பி வர்றதுக்குள்ள முடிவு பண்ணிருங்க."

அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. என் தலைக்குள் டைல்ஸ் கடை வந்தது. ஆடிக்கு இன்னும் எட்டு நாள். பிரபுவுக்கு ஸ்கூல் ஷூ கிழிந்திருந்தது. மீதிப் பணம் உள்ளே பீரோவில் இருக்கிறது. அவருக்கே தெரிந்துவிட்டது, அவர் வாயைத் திறக்கப் போவதில்லை, நானும் திறக்காமல் இருந்தால் என்ன என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். மனசாட்சி குத்தியது, உடனே நல்லவனாகிவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று என்னைப் பேச வைத்தது அந்த ஸ்கேல்.

டீச்சர் ஒரு கையில் காப்பித் தட்டும், கக்கத்தில் ஸ்கேலுமாக வந்தார். தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு முதலில் அளந்தார். வாட்சைப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார்.

"கால் மணி நேரத்துல ஒரு நூல் எறங்கியிருக்கு. அன்னிக்கு நான் பாத்தப்ப கண்ணளவுக்கு நாலு இஞ்ச் எறங்கியிருந்துச்சு. நாலு இஞ்சுக்கு முப்பத்திரெண்டு நூல். அப்ப எட்டு மணி நேரம். தம்பி, இவரு வாசல்ல எட்டு மணி நேரம் நின்னுட்டு ஏறணுமா?"

"இல்லீங்க டீச்சர். அது பொய்ங்க. பை ஓட்டை. ராத்திரியெல்லாம் காத்து எறங்கிரும். சரி பண்ண ரெண்டு சின்ன வண்டி விலை ஆகும். எனக்கும் அப்படித்தான் வித்தாங்க. அட்வான்ஸ் கையிலதான் இருக்கு, இந்தாங்க."

அவர் பணத்தை வாங்கவில்லை. என்னையே பார்த்தார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகியும் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

"பத்தாவதுங்க."

"கணக்குல எவ்வளவு?"

"முப்பத்தஞ்சுங்க."

"போட்டவங்களச் சொல்லணும்."

பிறகு, இன்னும் மெதுவாக, "பொய் சொன்னதுகூடப் பரவாயில்ல தம்பி. யாவாரம். இவரு முட்டியப் பத்தி நான் சொல்லிட்டு இருக்கேன், நீங்க தலைய ஆட்டிக்கிட்டே நின்னீங்க" என்றார்.

அதைக் கேட்டும் என் தலை தானாக ஆடியது. 

"விடு மேரி" என்றார் வீட்டுக்காரர். "சட்டையெல்லாம் போட்டாச்சு. ஒரு ரவுண்டு உக்காந்து பாத்துட்டு அனுப்பிருவோம்."

பின் சீட்டில் அவரை மெதுவாக உட்கார வைத்தோம். பக்கத்தில் டீச்சர். ஊருக்குள்ளேயே கோயில் வரைக்கும் ஓட்டினேன். அவர் இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு, எதிரில் வந்த ஒவ்வொருத்தருக்கும் கண்ணாடி வழியாகக் கையைத் தூக்கினார். வளைவில் மட்டும் வலது காலால் இல்லாத பிரேக்கை அவர் மிதிப்பது என் சீட்டுக்குப் பின்னால் தெரிந்தது.

திரும்பி வந்து நிறுத்தினால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. சீட் அவ்வளவு பள்ளம். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் டீச்சர், போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தர். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். "பஸ்ஸே தேவலாம்டா சாமி" என்றார் அவர். அப்போதுதான் டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஸ்கேலை எடுத்து சீட்டை அளந்தார். தரையிலிருந்து பதினாலு இஞ்ச். பிறகு அவர் உட்கார்ந்திருந்த மரநாற்காலியை அளந்தார். பத்தொன்பது.

"பாத்தீங்களா? நீங்க சொன்னது நெசமாவே இருந்தாலும் இவருக்கு ஆகாது. உக்கார்ற வண்டி வேணாம், நிக்கிற வண்டிதான் வேணும். இதை நானே முதல்ல அளந்திருக்கணும், உங்க வாய நம்பிட்டேன்." ஸ்கேலை என் கையில் கொடுத்தார். "வெச்சுக்குங்க. பத்தொன்பது இஞ்ச்ல சீட் இருக்கிற வண்டி வந்தா போன் பண்ணுங்க. வாயால சொல்லாதீங்க, அளந்து சொல்லுங்க."

அட்வான்சை அப்போதுதான் வாங்கிக்கொண்டார். காப்பி ஆறிப்போயிருந்தது, அதையும் குடிக்க வைத்துத்தான் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அந்த டீச்சரு ஒரு மாசம் நம்ம வூட்ல வந்து தங்குவாங்களான்னு கேளுங்க" என்றாள். கோபம் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஆடி பிறக்க மூன்று நாள் இருக்கும்போது, கல்யாணக் காருக்குப் பூ அலங்காரம் செய்கிறவர் கடைக்கு வந்தார். பதினோரு மாப்பிள்ளைக்கும் அந்த வண்டியில் பூக்கட்டியவர் அவர்தான். இந்தத் தடவை யாரும் கேட்பதற்கு முன்னால் நானே பை கசிவதைச் சொன்னேன், வண்டியின் அடியையும் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்ணே. காலையில வந்து பூ கட்டுறவன் நான்தானே. உக்காந்திருந்தாத்தான் கூரைக்குக் கை எட்டும். அப்புறம் எழுப்பிவிட்டு ரெண்டு கிலோமீட்டர் உருட்டுனா முடிஞ்சுது."

"ஊருக்கே தெரிஞ்ச வண்டிப்பா. அதான் யாரும் வாங்கல."

"எனக்கு ஊருக்குத் தெரிஞ்ச வண்டிதாண்ணே வேணும். தெரியாத வண்டிய எவன் கல்யாணத்துக்குக் கேப்பான்? நீங்க சும்மா ஓட்டுனீங்க, நான் வாடகைக்கு ஓட்டுறேன்."

ஆறரை லட்சத்துக்குக் கொடுத்தேன். நாலரை லட்சம் நஷ்டம். பதினோரு கல்யாணத்துக்கும் மொய் வைத்ததைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் வரும், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. வந்த பணத்தில் சலீம் பாயைக் கையோடு கூட்டிப்போய், அவர் கிரீஸ் சட்டையோடு, நாலு பழைய தீப்பெட்டி வாங்கி வந்து நிறுத்தினேன். இடத்துக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். டைல்ஸ் கடை வேறு இடம் பார்த்துக்கொண்டது.

அந்த நாலில் ஒன்று உயரமான கூரை வைத்த சின்ன வண்டி. பார்க்க ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கும், யாரும் சீந்த மாட்டார்கள். சீட்டை அளந்தேன். பத்தொன்பதுக்கு ஒரு நூல் குறைவு. போனில் அந்த ஒரு நூலையும் சேர்த்துச் சொன்னேன். டீச்சர் ஆவணி பிறந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போனார். ஏலாக்குறிச்சிக்குப் போய்விட்டு வரும் வழியில் வீட்டுக்காரர் போன் செய்து, "கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்கு தம்பி, டிரைவரு பயலுக்கு மிதிக்கத் தெரியல" என்றார். பின் சீட்டிலிருந்து.

ஆபீஸ் ரூமில் ஆணியில் தொங்குகிறதே ஒரு மர ஸ்கேல், பிரபு அதைச் சின்ன வயதில் ஸ்டம்ப்பாக நட்டு ஒரு மூலையை உடைத்தானே, அது இந்த ஸ்கேல்தான். எதற்கு என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "சும்மா" என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு பொய்.

நேற்று சாயங்காலம் நீங்கள் கடையை அடைத்ததும் அந்த ஸ்கேலை எடுத்து, வெள்ளை வண்டியின் இடது சக்கரத்துக்கு மேலே அளந்தேன். இன்று காலை மறுபடி அளந்தேன். மூன்றரை இஞ்ச் இறங்கியிருந்தது. கண்ணாடியில் இருக்கும் விலைச் சீட்டை எடுத்துவிடுங்கள். புது விலை வேண்டாம். பை நாலும் பம்பும் என்ன ஆகும் என்று, இப்போது பட்டறையைப் பார்க்கும் சலீம் பாயின் மகனிடம் கேட்டு, அதைக் கழித்து, கழித்த காரணத்தையும் கீழே எழுதி, அப்புறம் ஒட்டுங்கள். விலை குறைவாகத்தான் தெரியும். எழுதியவன் முட்டாள் என்று பக்கத்துக் கடைக்காரன் சொல்லுவான். அந்தப் பட்டம் இந்தக் கடைக்குப் புதிதில்லை.

உடையார்பாளையத்திலிருந்து ஒரு முந்திரி வியாபாரி நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்த வண்டியைப் பார்க்க வருவதாகக் கவிதா சாப்பிடும்போது சொன்னாள். அவசரம் வேண்டாம், நேரம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏழரைக்கே வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.